எல்லோரும் வந்தால் ஆட்டமா, வந்தவர்களோடு ஆட்டமா?

நாகர்கோவிலில் எங்கள் வீட்டு மாடியில், ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு கதாபாத்திரமாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம் இது. கதை நடத்துவது நான், ஆடுவது ஐந்து பேர். மார்த்தாண்டம், தக்கலை, குளச்சல் என்று ஆளுக்கொரு பக்கமிருந்து பஸ் ஏறி வரவேண்டும். கூட்டம் கலையாமலிருக்க மூன்று வழிகளை ஆடிப் பார்த்துவிட்டோம்.

ஐந்து பேரும் இருந்தால்தான் ஆட்டம் என்பது முதல் வழி. ஒருவரை விட்டுவிட்டுக் கதையை நகர்த்த மனம் வராதுதான். ஆனால் கணக்கு இடம் கொடுக்காது. ஒவ்வொருவரும் ஐந்து வாரத்தில் நான்கு வாரம் வருகிறவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேரும் சேர்ந்து அமைவது ஏறக்குறைய மூன்று வாரத்துக்கு ஒருமுறைதான். நம் மாவட்டத்தில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. நடுவே கோயில் கொடை, சர்ச் திருவிழா, கல்யாண வீடு. இரண்டு தடவை தள்ளிப்போனால் அப்புறம் "எப்போ?" என்று யாரும் கேட்பதில்லை. எங்கள் முதல் கதை அப்படித்தான் பாதிக் குகையில் நின்றுபோனது. இன்றைக்கும் எனக்கு அது வருத்தம்.

ஆன்லைனில் ஆடினால் அலைச்சல் மிச்சம். ரோல்20 என்ற இணையதளத்தில் வரைபடம், டிஸ்கார்ட் என்ற செயலியில் பேச்சு. துபாய்க்கு வேலைக்குப் போனவரும் சேரலாம், ஒன்றரை மணி நேரம்தானே வித்தியாசம். ஆனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் ஒன்றும் புரியாது. இருபது முகப் பகடை சில்வர் தட்டில் உருண்டு நிற்கும்வரை எல்லோரும் மூச்சைப் பிடித்திருப்பார்களே, அதுவும் கிடைக்காது. மழைக்காலத்துக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

எங்களுக்குச் சரிப்பட்டது மூன்றாவதுதான்: நாள் மாறாது, மூன்று பேர் வந்தால் ஆட்டம் உண்டு. அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள், நூறு வாரத்தில் 94 வாரம் ஆடலாம். இதற்கு என் பக்கம் கொஞ்சம் வேலை கூடும். ஐந்து பேருக்கென்று வைத்த சண்டையில் ஒன்றிரண்டு அரக்கர்களைக் குறைக்கவேண்டும். ஒவ்வொரு வாரமும் கதையை ஒரு சத்திரத்திலோ முகாமிலோ கொண்டுவந்து நிறுத்தவேண்டும். அப்போதுதான் வராதவரின் கதாபாத்திரம் காய்ச்சலென்று அங்கேயே தங்கிக்கொள்ள முடியும்.

போன மாதம் குளச்சல் நண்பர் வரவில்லை. ஆட்டம் முடிந்து புதையலைப் பங்கிடும்போது, யாரும் சொல்லாமலே ஒருவர் அந்த நண்பருடைய கதாபாத்திரத்தின் விவரத் தாளை எடுத்து, "40 பொன், ஒரு வெள்ளிக் கத்தி" என்று பென்சிலால் எழுதி, பகடைப் பெட்டிக்கு அடியில் வைத்தார். அடுத்த ஞாயிறு நண்பர் வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தார். "யாருக்க எழுத்து மக்கா இது?" என்று கேட்டுக்கொண்டே நாற்காலியை இழுத்துப் போட்டார்.