தமிழ் படிக்கும் என்று சொல்லி 42,000 ரூபாய் வாங்கிவிட்டார்கள்

நான் முழுப் பார்வையற்றவன். அச்சில் இருப்பதைப் படித்துக் காட்டும் கருவி ஒன்றை, இந்த மாதிரி உபகரணங்கள் விற்கும் ஒரு கடையில் 42,000 ரூபாய் கொடுத்து வாங்கினேன். அதற்குத் தமிழ் படிக்கத் தெரியவில்லை. பணம் திரும்பக் கிடைக்காது என்று நேற்று முடிவாகச் சொல்லிவிட்டார்கள். வாங்கும் எண்ணத்தில் இருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள்.

கடைக்காரர் என் விரலைப் பிடித்துப் பட்டன் மேல் வைத்தார். "அழுத்துங்க சார்" என்றார். ஆங்கிலப் பக்கம் ஒன்றைக் கடகடவென்று படித்தது. தமிழ் படிக்குமா என்று கேட்டேன். "அதுக்குத்தானே சார் வாங்குறீங்க" என்று வேறொரு தாளை வைத்தார். ஒரு பத்தி முழுக்கத் தமிழ், ஒரு பிழை கிடையாது. இனி காலையில் பேப்பர் படிக்க யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்று அந்த நிமிடம் நினைத்தேன். உடனே பணம் கட்டினேன். அவர் வைத்த தாள் எப்படிப்பட்டது என்று எனக்கு எப்படித் தெரியும்? அதே தாள் பெட்டிக்குள்ளும் இருந்தது. வீட்டில் தங்கை மகள் எடுத்துப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, இதுல எழுத்தெல்லாம் ரொம்பப் பெருசா, இடம் விட்டு விட்டு அடிச்சிருக்கு."

அந்தத் தாளைத் தவிர வேறு எந்தத் தமிழையும் அது உருப்படியாகப் படிக்கவில்லை. செய்தித்தாளில் ஒரு வரி முடிந்ததும் கீழே இறங்காமல் பக்கத்துப் பத்திக்கு ஓடுகிறது. கொம்பும் காலும் தனித்தனியாகச் சிதறுகின்றன. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான அப்பாவின் புத்தகங்களில் பழைய லை, னை வந்தாலே உளறுகிறது. இந்தக் கருவிகளில் வேலை இரண்டு. கேமரா எடுத்த படத்திலிருந்து எழுத்தை அடையாளம் காண்பது ஒன்று, அதைக் குரலாக்குவது இன்னொன்று. சில கருவிகளில் குரல் தமிழில் அருமையாக இருக்கும். ஆனால் எழுத்தை அடையாளம் காணும் பகுதி தமிழுக்குச் சரியாகத் தயாராகாமல் இருக்கும். பெட்டியில் 'தமிழ் உண்டு' என்று போட்டுவிடுவார்கள்.

போன் செய்தால் முதலில் வெளிச்சம் போதவில்லை என்றார்கள். அப்புறம் ரீஸ்டார்ட் செய்யச் சொன்னார்கள். பிறகு அடுத்த மாதம் அப்டேட் வரும் என்றார்கள், வரவில்லை. நேரில் போனால் எனக்கு விற்ற ஆள் விடுப்பில் இருக்கிறாராம். பக்கத்தில் இருந்தவர் என்னிடம் பேசாமல், கூட வந்த தங்கை மகளிடம் "சாருக்கு யூஸ் பண்ணத் தெரியலம்மா" என்கிறார். நான் பதினைந்து வருடமாகக் கம்ப்யூட்டரில் வேலை பார்ப்பவன்! கடைசியில், பெட்டியைப் பிரித்துவிட்டால் திரும்ப எடுக்க மாட்டார்களாம். பிரிக்காமல் எப்படிச் சோதிப்பது? 42,000 ரூபாய், என் ஒன்றரை மாதச் சம்பளம்.

எப்படித் தேர்ந்தெடுப்பது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். இப்போது அதற்கு மனம் இல்லை. இவற்றை மட்டும் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுத் தமிழ்ப் பேப்பர், ரசீது, பழைய புத்தகம் எடுத்துப் போய் அதைப் படிக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் தாளைத் தொடவே விடாதீர்கள். 'தமிழ் அச்சைப் படிக்கும்' என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள். வாங்கும் முன் ஆண்ட்ராய்டு போனில், திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் டாக்பேக்கை வைத்துக்கொண்டு, கேமரா வழியாக எழுத்தை அடையாளம் காணும் கூகுள் லென்ஸில் அதே பக்கத்தைப் படிக்கவிட்டுப் பாருங்கள். அதற்குக் காசு கிடையாது, என் சொத்து வரி ரசீதை இந்தக் கருவியைவிட நன்றாகப் படித்தது. ஏமாந்தவர்கள் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள். பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணமில்லாமல் வழக்குப் போடலாம். நான் பில்லோடு அந்தத் தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறேன், போடப் போகிறேன்.