பிமார்ஸ்: சும்மா உட்கார்ந்திருந்தவனிடம் தோற்ற கதை

கோர் வார் விளையாட்டுக்காக நான் எழுதிய முதல் வாரியர், அதாவது சண்டைக்கார நிரல், ஒன்றுமே செய்யாமல் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்த ஒற்றை வரி நிரலிடம் தோற்றது. ஏதோ ஒரு தடவை என்றால் பரவாயில்லை, மூன்றுக்கு இரண்டு சண்டை! ஏன் என்று காட்டிக்கொடுத்தது பிமார்ஸ் என்ற மென்பொருள்தான்.

கோர் வார் தெரியாதவர்களுக்கு: கணினி அறிஞர் ஏ.கே. டியூட்னி 1984-ல் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் அறிமுகப்படுத்திய விளையாட்டு. ரெட்கோடு என்ற குட்டி மொழியில் ஆளுக்கொரு நிரல் எழுதி, வட்டமான ஒரே நினைவகத்தில் இறக்கிவிட வேண்டும். இரண்டும் ஒவ்வொரு கட்டளையாக மாறி மாறி ஓடும். டேட் (DAT) என்ற கட்டளை உள்ள நினைவக அறையில் கால் வைத்தால் சாவு. இந்தச் சண்டையை டெர்மினலில் நடத்தித் தருவது பிமார்ஸ். நினைவகத்தில் 8000 அறைகள். ஆளுக்கொரு கட்டளை ஓடினால் ஒரு சுழற்சி; 80,000 சுழற்சிக்குள் முடியாவிட்டால் டிரா. நாம் எதுவும் சொல்லாவிட்டால் இதுதான் கணக்கு.

டுவார்ஃப் என்ற பழைய வாரியர் நான்கே வரி. நான்கு அறைக்கு ஒன்றாக டேட் குண்டு போட்டுக்கொண்டே போகும். நான் அதைப் பிரதியெடுத்து 4-ஐ 3 ஆக்கினேன். நெருக்கமாகக் குண்டு போட்டால் நல்லதுதானே என்று நினைப்பு. அசல் டுவார்ஃபோடு மோதவிட்டேன், ஜெயித்தது. ஒரே குஷி. பிமார்ஸ் தானாக ஒரு சுற்றுதான், அதாவது ஒரே ஒரு சண்டைதான், ஓட்டும் என்பது அப்புறம்தான் உறைத்தது. ஓட்டும் கட்டளையோடு மைனஸ் ஆர் (-r) போட்டு 1000 சுற்று கேட்டால், பாதிக்கு மேல் தோல்வி. இந்த ஒரு சுற்று வழக்கம் எனக்குப் பிடிக்கவே இல்லை, தொடக்கக்காரர்களை ஏமாற்றிவிடும்.

சரி, இளைத்தவனிடமாவது ஜெயிப்போம் என்று, தன் இடத்துக்கே தாவுகிற 'ஜம்ப் 0' என்ற ஒற்றை வரியை எதிரே நிறுத்தினேன். அங்கேதான் அந்த மூன்றுக்கு இரண்டு.

மைனஸ் ஈ (-e) போட்டால், பிழை தேட உதவும் டீபக்கர் திறக்கும். திரையில் அலங்காரம் ஒன்றும் இல்லை, ஆனால் ஒவ்வொரு அடியாக நடத்திப் பார்க்கலாம். 8000 என்பது நான்கால் வகுபடும், மூன்றால் வகுபடாது. அதனால் என் குண்டு நினைவகத்தை ஒரு முறை சுற்றி வந்து, குண்டு போடுகிற என்னுடைய மூவ் (MOV) கட்டளை மேலேயே விழுந்திருக்கிறது. எதிரி எதுவும் செய்யவில்லை. நானே தூக்கு மாட்டிக்கொண்டேன், 8000-வது சுழற்சியில். மூன்றில் ஒரு பங்கு அறைகளில்தான் அதற்குள் குண்டு விழும், மீதி நேரம் அவன் பிழைத்திருப்பான். கணக்கு அச்சாக ஒத்துப்போனது.

குறைகள் உண்டு. மைனஸ் பி (-b) கொடுக்காவிட்டால் ஒவ்வொரு தடவையும் இரண்டு நிரலையும் முழுசாக அச்சடித்துத் தள்ளும். முடிவு வரியில் மூன்று எண்கள் மட்டும்: முதலாமவர் வெற்றி, இரண்டாமவர் வெற்றி, டிரா. எது எது என்று நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மூன்று கோப்பு கொடுத்தால் ஜோடி ஜோடியாக மோதவிடும் என்று நினைத்தேன். இல்லை, மூன்றையும் ஒரே நினைவகத்தில் தள்ளிவிடுகிறது. ஜோடி வேண்டுமென்றால் ஷெல்லில் நாமே லூப் எழுத வேண்டியதுதான். எனக்கு அது ஐந்து வரியில் முடிந்தது. எல்லோருக்கும் ஷெல் பழகியிருக்காது, அது வேறு விஷயம்.

நிரலில் எதையும் தொடாமல் அதே முடிவு மறுபடி வர வேண்டுமென்றால் மைனஸ் எஃப் (-f) போதும். வேகத்தைப் பற்றிக் குறையே இல்லை. என் பழைய லேப்டாப்பில் ஆயிரம் சுற்றும் சில நொடிதான்.

3-ஐ மறுபடி 4 ஆக்கிவிட்டேன். இப்போது அந்த ஒற்றை வரியிடம் நாலில் ஒரு சண்டை ஜெயிக்கிறேன். மீதி எல்லாம் டிரா.