மழைக்கும் மின்வெட்டுக்கும் நடுவே வயர்கார்டு டன்னல்: மூன்று கடைகளின் அனுபவம்

கோட்டாற்றில் மொத்த வியாபாரக் கடை. மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் அதன் கிளைகள். சரக்கு இருப்பு, பில், கடன் கணக்கு எல்லாம் கோட்டாற்றுக் கணினி ஒன்றில் இருக்கின்றன. கிளைகள் அதை எட்டுவதற்காக மூன்று ரூட்டர்களிலும் வயர்கார்டு டன்னல், அதாவது இணையத்தின் ஊடே போகும் மறையாக்கப்பட்ட தனிப்பாதை, போட்டுக் கொடுத்தேன். அது சில மழைக்காலங்களைப் பார்த்துவிட்டது. தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்யும் குமரி மாவட்டம் இது. தென்னை மட்டை கம்பியில் விழுந்தால் மின்சாரம் போகும். ஃபைபரும் கூடவே போகும். அதனால் வேகத்தை நான் பெரிதாகப் பார்க்கவில்லை. மின்சாரம் வந்ததும் யாரும் கை வைக்காமல் டன்னல் எழுந்துகொள்கிறதா என்பதையே பார்த்தேன்.

ஜிஆர்இ என்ற பழைய வகை டன்னலை முதலிலேயே தள்ளிவிட்டேன். அதில் மறையாக்கம் கிடையாது. போர்ட் எண்ணும் கிடையாது. கிளைகளுக்குக் கிடைப்பதோ 100.64-இல் தொடங்கும் பொதுப்பகிர்வு முகவரி: ஒரே வெளிமுகவரியை இணைய நிறுவனம் போர்ட் எண்ணை வைத்துப் பலருக்கும் பகிர்ந்து தருகிறது. அதன் பின்னால் ஜிஆர்இ நுழையாது. வயர்கார்டு போர்ட் எண் உள்ள யுடிபியில் போவதால் கோட்டாற்றுக்கு மட்டும் பப்ளிக் ஐபி (வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய முகவரி) வாங்கினால் போதும், கிளைகள் தாமாக அழைத்துக்கொள்ளும். வழி மூடாமலிருக்க அவ்வப்போது வெற்றுப் பாக்கெட் அனுப்பும் கீப்அலைவை 25 விநாடி என்று கிளைப் பக்கம் கொடுத்துவிட வேண்டும்.

சாவிகளை உருவாக்கி, பியர் (எதிர்முனை) சேர்ப்பது அரை மணி நேர வேலை. அதற்கு முன் கிளைகளின் உள்முகவரிகளைப் பிரித்துவிடுங்கள். மூன்று கடையிலும் 192.168.1.0 என்றே இருந்தால் எந்த டன்னலாலும் பயனில்லை.

இனி எம்டியூ, அதாவது ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு. வயர்கார்டின் இயல்பான அளவு 1420. பழைய முகவரி முறையான ஐபிவி4-இல் வயர்கார்டு ஒவ்வொரு பாக்கெட்டிலும் 60 பைட் சேர்க்கிறது, புதிய முறையான ஐபிவி6-இல் 80. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையும் பிபிபிஓஇ இணைப்பில் 1492 பைட்தான் கிடைக்கும். கழித்துப் பார்த்தால் ஐபிவி4-க்கு 1432 தேறுகிறது, ஐபிவி6-க்கு 1412. அதாவது ஐபிவி6 வழியாகப் போனால் 1420 இடிக்கும். மாற்று இணைப்பாக வைத்த 4ஜி சிம்மில் இடம் இன்னும் குறைவு. அறிகுறி வேடிக்கையானது: பிங் போகும், சிறிய பக்கம் திறக்கும், நீளமான அறிக்கை மட்டும் பாதியில் நிற்கும். மென்பொருள் கெட்டுவிட்டது என்றுதான் கடையில் சொல்வார்கள். நான் எல்லா முனைகளிலும் 1380 வைத்து, டிசிபி எம்எஸ்எஸ் மதிப்பை (ஒரு பாக்கெட்டில் தரவுக்கு மட்டுமான உச்ச அளவு) 1340-க்கு இறக்கினேன். அதன்பின் அந்தப் புகார் வரவில்லை.

அதைவிட விசித்திரம் கடிகாரம். இந்த விலையில் வரும் ரூட்டர்கள் பலவற்றில் கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது. மின்சாரம் போய் வந்தால் நேரம் பழைய தேதிக்குப் போய்விடும். இணைப்பைத் தொடங்க இரு முனைகளும் செய்யும் வயர்கார்டு கைகுலுக்கலின் முதல் செய்தியில் நேரமுத்திரை இருக்கிறது. கடைசியாக ஏற்றதைவிடப் பழைய முத்திரை வந்தால் எதிர்முனை பேசாமல் தள்ளிவிடும். பழைய செய்தியை யாரும் பிடித்து மறுபடி அனுப்பக்கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. குளச்சலில் மின்வெட்டுக்குப் பின் டன்னல் எழாததற்குக் காரணம் இதுதான். நேரம் சரியாக, இணையத்திலிருந்து நேரம் வாங்கித் தரும் என்டிபி சர்வர் வேண்டும். அதன் பெயரிலிருந்து முகவரியைத் தேட டிஎன்எஸ் வேண்டும். டிஎன்எஸ் டன்னலுக்கு அந்தப் பக்கம் கோட்டாற்றில் இருந்தது. ஒன்றுக்கொன்று காத்துக்கிடந்தன. ரூட்டரின் சொந்தத் தேடல்களை இணைய நிறுவனத்தின் பாதையிலேயே விட்டதும் தீர்ந்தது.

எனக்குப் பிடிக்காத ஒன்றும் உண்டு. எதிர்முனை செத்தாலும் ரூட்டரில் டன்னல் இன்டர்ஃபேஸ் ஓடுவதாகவே காட்டும். அதன் வழியாகக் கையால் எழுதிவைத்த நிலையான ரூட்டும் (பாதையும்) விழாது. கடைசிக் கைகுலுக்கல் எப்போது என்று பார்ப்பதே வழி. கீப்அலைவ் இருக்கும்போது அது மூன்று நிமிடத்தைத் தாண்டினால் இணைப்பு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். எதிர்முனைக்கு பிங் அனுப்பி, பதில் வராவிட்டால் எனக்கு எச்சரிக்கை அனுப்பும் சிறு ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருக்கிறேன்.

ஆனால் ஃபைபர் அறுந்து 4ஜிக்கு மாறும்போது இது நடந்துகொள்ளும் விதம் அருமை. கிளையின் முகவரி மாறினாலும், சாவி சரியாக இருப்பதால் கோட்டாறு புதிய முகவரியை ஏற்றுக்கொள்கிறது. பில் போடுகிறவர் ஒரு சின்னத் தயக்கத்தைத்தான் உணர்வார். தக்கலையில் கிடங்கு திறக்கிறார்கள். அதற்கும் இதையே போடப்போகிறேன், பேட்டரிக் கடிகாரம் உள்ள ரூட்டராகப் பார்த்து.