ஹேவக்கா, ஹார்னெட்டா? ஒரே தளத்தில் பிறந்த இரண்டு டெஸ்ட்ராயர்கள்

டார்பிடோ படகுகளைத் துரத்தி அழிக்கும் வேகமான சிறு போர்க்கப்பல்தான் டெஸ்ட்ராயர். உலகின் முதல் டெஸ்ட்ராயர் எது என்று கேட்டால் பெரும்பாலானோர் ஹேவக் என்பார்கள். தேதிப்படி சரிதான், லண்டன் பாப்லரில் ஆல்ஃபிரட் யாரோ என்பவரின் கப்பல் கட்டும் தளத்தில் 1893 ஆகஸ்டில் அது நீரில் இறங்கியது. ஆனால் அதே தளத்திலிருந்து நாலு மாதம் கழித்து, டிசம்பரில் இறங்கிய ஹார்னெட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் ஹேவக்கைப் பற்றிப் பேசுவதில் அர்த்தமில்லை. என் ஓட்டு ஹார்னெட்டுக்குத்தான்.

டார்பிடோ என்பது நீருக்கடியில் பாய்ந்து கப்பலைத் தகர்க்கும் ஆயுதம். அதை ஏவும் பிரெஞ்சு டார்பிடோ படகுகளைத் துரத்திப் பிடிக்க அதற்கு முன்பு பிரிட்டன் கட்டிய கப்பல்களுக்கு வேகம் போதவில்லை. 1892-ல் பிரிட்டிஷ் கடற்படையின் கப்பல் கட்டுமானப் பொறுப்பில் இருந்த ஜாக்கி ஃபிஷர் புது வகைக் கப்பலுக்கு ஏற்பாடு செய்தபோது யாரோ, தார்னிகிராஃப்ட், லேர்ட் ஆகிய மூன்று நிறுவனங்களுக்கும் ஆளுக்கு இரண்டு கப்பல் கிடைத்தது. ஆல்ஃபிரட் யாரோ தன் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே உடலைக் கொடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் கொதிகலனை மட்டும் மாற்றினார். இதைவிட நல்ல ஒப்பீடு கப்பல் வரலாற்றில் எளிதில் கிடைக்காது.

ஹேவக்கில் இருந்தவை ரயில் இன்ஜின் பாணிக் கொதிகலன்கள், மொத்தம் இரண்டு. நெருப்பின் சூடான வாயு குழாய்க்குள் போகும், தண்ணீர் வெளியே சூழ்ந்திருக்கும். விசிறி வைத்துக் காற்றை அழுத்தி நெருப்பை வெறியேற்றினால், குழாய்கள் தகட்டோடு சேரும் இடத்தில் கசியத் தொடங்கும். அந்தக் கால வேகக் கப்பல்களின் தீராத தலைவலி அது. ஹார்னெட்டில் இது தலைகீழ், தண்ணீர் குழாய்க்குள், நெருப்பு வெளியே. அப்படி எட்டுக் கொதிகலன்கள், நாலு புகைபோக்கிகள். எடையிலும் சுமார் 11 டன் மிச்சம், அந்த அளவு சிறிய கப்பலில் அது பெரிய விஷயம். நீராவியும் சீக்கிரம் ஏறும்.

வேகத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் சின்னது: ஹேவக் 26 நாட் (மணிக்கு இத்தனை கடல் மைல்) வேகத்தைத் தாண்டியது, ஹார்னெட் 27-ஐத் தாண்டியது. ஆனால் ஓட்டப் பந்தயம் அல்லவே இது. நடுக்கடலில் ஹேவக்கின் ஒரு கொதிகலன் கோளாறானால் பாதி நீராவி போச்சு, ஹார்னெட்டில் எட்டில் ஒரு பங்குதான். குண்டு பட்டாலும் இதே கணக்குதான். கொதிகலன் அறையில் நிற்கிறவனுக்கு எந்தக் கப்பல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஆல்ஃபிரட் யாரோ இதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. கீழே இறங்கும் குழாயும் நெருப்பில் சூடானால் தண்ணீர் சுழற்சி நின்றுவிடும் என்ற பயம் அப்போது இருந்தது. U வடிவக் குழாய் ஒன்றை எடுத்து, மேலேறும் பக்கத்தைச் சூடாக்கி நீரை ஓடவிட்டு, அப்புறம் இறங்கும் பக்கத்திலும் விளக்கை வைத்துக் காட்டினார். ஓட்டம் நிற்கவில்லை, கூடியது. அவருடைய எளிய, நேர்க்குழாய்க் கொதிகலனுக்குத் துணிச்சல் தந்த சோதனை இது.

சரி, குறைகளில் இரண்டும் சகோதரிகள். முன்பகுதி தாழ்வானதால் கொஞ்சம் அலை எழுந்தாலே தளமெல்லாம் தண்ணீர். மூக்கில் பொருத்திய டார்பிடோ குழாய் இன்னும் மோசம், முழு வேகத்தில் ஏவினால் தன் டார்பிடோவைத் தானே முந்திவிடும் அபாயம் இருந்தது, அதைப் பிறகு வந்த கப்பல்களில் கைவிட்டார்கள்.

ஹேவக்கின் பக்கம் ஒரு வாதம் உண்டு: ஹார்னெட் 1909-லேயே விற்கப்பட்டது, ஹேவக் 1912 வரை கடற்படையில் இருந்தது. ஆனால் 1899-1900 வாக்கில் ஹேவக்கின் பழைய கொதிகலன்களைக் கழற்றிவிட்டு, ஹார்னெட்டில் முதலிலிருந்தே இருந்ததைப் போன்ற நீர்க்குழாய்க் கொதிகலன்களைத்தான் பொருத்தினார்கள்! ரஷ்யாவுக்காக ஆல்ஃபிரட் யாரோ பிறகு கட்டிய சோகோல் என்ற டெஸ்ட்ராயரும் நீர்க்குழாய்க் கொதிகலன்களோடுதான் போனது. 1895-ல் அது 30 நாட் வேகத்தைத் தொட்டது.