கம்ப்யூசெல் த்ரீடியுடன் நான்கு வருடம்

உயிர்ச்செல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதையும் நகர்வதையும் கணினியில் பார்க்க நான்கு வருடமாக கம்ப்யூசெல் த்ரீடி பயன்படுத்துகிறேன். அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் கிளேசியர் குழு வளர்த்த இலவச மென்பொருள் இது. அவரும் பிரான்சுவா கிரானரும் 1992இல் வெளியிட்ட கணித மாதிரிதான் இதன் அடித்தளம்.

கட்டம் போட்ட கணக்கு நோட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே எண் எழுதிய கட்டங்கள் சேர்ந்தால் ஒரு செல். கணினி ஏதோ ஒரு கட்டத்தில் பக்கத்து எண்ணை எழுதிப் பார்க்கும். மொத்த ஆற்றல் குறைந்தால் அந்த மாற்றத்தை அப்படியே வைத்துக்கொள்ளும். கூடினால் எப்போதாவதுதான் அனுமதிக்கும். வடிவம், நகர்வு எல்லாம் இந்த இழுபறியில் பிறப்பவைதான்.

நான் முதலில் சறுக்கியது தொடுகை ஆற்றலில். எண் பெரிதானால் பசை கூடும் என்று நம்பி மூன்று வாரம் வீணடித்தேன். உண்மையில் அது தொட்டுக்கொண்டிருப்பதற்கான செலவு, குறைந்தால்தான் ஒட்டும். அப்புறம் கருஞ்செல், வெளிர்செல் என்ற இரண்டு வகைச் செல்களுக்கு அந்த 1992 மாதிரியின் எண்களையே போட்டேன்: கருஞ்செல்கள் தங்களுக்குள் தொட்டால் 2, வெளிர்செல்கள் தங்களுக்குள் தொட்டால் 14, இரண்டும் கலந்தால் 11, சுற்றியுள்ள வெளி ஊடகத்தோடு 16. இரண்டுக்கும் பதினான்குக்கும் சராசரி 8 அல்லவா? கலப்புக்கு 11 என்றால் கலந்திருப்பது நஷ்டம். குழம்பிக் கிடந்த உருண்டையில் கருஞ்செல்கள் மெல்ல நடுவே திரள, வெளிர்செல்கள் சுற்றிப் போர்த்திக்கொண்டன. உள்ளே போ என்று யாரும் சொல்லவில்லை. இன்றும் புது மாணவர்களுக்கு முதலில் இதைத்தான் ஓட்டிக் காட்டுகிறேன்.

இதில் 'வெப்பநிலை' என்று ஒன்று உண்டு. டிகிரி எல்லாம் இல்லை, செல் விளிம்பு எவ்வளவு துடிக்கிறது என்பதற்கான அளவு. ஒருமுறை அதை அதிகம் ஏற்றிவிட்டேன். கணக்கில் செல் ஒன்று, பரப்பளவும் சரி. திரையில் பார்த்தால் இரண்டு துண்டு! எண் ஒன்றாக இருப்பதால் கணினிக்கு அது ஒரே செல்தான். அன்றிலிருந்து கணக்கு எண்களை மட்டும் நம்புவதில்லை, திரையில் படத்தையும் பார்க்கிறேன். துண்டாகாமல் தடுக்கும் வசதி உண்டு, ஆனால் ஓட்டம் மந்தமாகும்.

வெப்பநிலைபோல நேரமும் நிஜ அலகில் வராது. ஒரு மான்டே கார்லோ படி (கட்டங்கள் எத்தனையோ அத்தனை முறை எண் மாற்றிப் பார்ப்பது) எத்தனை நிமிடம் என்பதைச் சோதனைக்கூட வீடியோவோடு பொருத்தி நாம்தான் முடிவு செய்யவேண்டும். செல்லின் வேகத்தை நேரடியாகக் கேட்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும். இரண்டு நிலைகளை ஒப்பிட விரும்புகிறவர்களுக்குக் கச்சிதம்.

தேன்கூடுபோல இடைவெளியே இல்லாத எபிதீலிய அடுக்குக்கு (உறுப்புகளைப் போர்த்தும் செல் அடுக்கு) மட்டும் மூலைப்புள்ளிகளை நகர்த்தும் வெர்டெக்ஸ் மாதிரிக்குப் போய்விடுகிறேன். அங்கே பிக்சல் படிக்கட்டு விளிம்பு தொல்லை இல்லை.

இருபரிமாணத்துக்குச் சாதாரண லேப்டாப் போதும். முப்பரிமாணத்தில் பக்கத்தை இரட்டிப்பாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்கு. அதை இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.