சிறுவாடா, சீட்டா, நகையா, அஞ்சலகமா: அன்றைய குடும்பச் சேமிப்பை எடைபோட்டால்

பழைய காலத்துப் பெண்கள் எப்படிச் சேமித்தார்கள் என்று பேச்சு வந்தால் இரண்டு பேர் கட்டாயம் இருப்பார்கள். "எல்லாத்தையும் தங்கத்துல போட்டாங்க, அதான் புத்திசாலித்தனம்" என்பார் ஒருவர். "பேங்க்ல போடத் தெரியாம அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வெச்சாங்க" என்பார் மற்றவர். இரண்டு பேரும் வட்டியையும் விலையையும் மட்டுமே பார்க்கிறார்கள். 1950களிலிருந்து 1980கள் வரை தமிழ்நாட்டில் ஒரு நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணோ கூலி வேலைக்குப் போன பெண்ணோ முதலில் பார்த்தது வேறு. ராத்திரி பிள்ளைக்கு வலிப்பு வந்தால் எவ்வளவு நேரத்தில் பணம் கைக்கு வரும்? என்னைக் கேட்காமல் அந்தப் பணத்தில் வேறு யார் கை வைக்க முடியும்? இந்த இரண்டையும் அளவுகோலாக வைத்து அந்த வழிகளை எடைபோட்டால் வரிசையே மாறிவிடுகிறது.

சிறுவாடு

வீட்டுச் செலவுக்கு வாங்கியதில் மிச்சம், முட்டையும் மோரும் விற்ற காசு, பூக்கட்டிய கூலி, தாய்வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது அண்ணன் கையில் திணித்த பத்து ரூபாய். இவையெல்லாம் சேர்ந்ததுதான் சிறுவாடு. கடுகு டப்பாவிலும் அரிசிப் பானையிலும் டிரங்குப் பெட்டிக்குள் பட்டுப்புடவை மடிப்பிலும் அது இருக்கும்.

நேரம் என்று பார்த்தால் இதை எதுவும் மிஞ்ச முடியாது. நள்ளிரவில் வண்டி பிடித்து டவுன் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டுமென்றால் அடுத்த நிமிடம் பணம் கையில் இருக்கும். யார் கை வைக்க முடியும் என்று பார்த்தாலும் இதற்குத்தான் முதலிடம். குடிக்கிற கணவன் இருந்த வீடுகளில், வரவு செலவு முழுக்க மாமியார் கையில் இருந்த வீடுகளில், ஒரு பெண்ணுக்குத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள இந்த ஒன்றுதான் இருந்தது. ரகசியமாக வைத்தார்கள் என்று இதைக் குறையாகச் சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அந்த ரகசியம்தான் பூட்டு.

பணத்தின் மதிப்பு கரைந்துபோவதுதான் இதன் பெரிய குறை. 1974ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஆண்டில் நாட்டின் மொத்த விற்பனை விலைகள் 20 விழுக்காட்டுக்கு மேல் ஏறிய காலம் அது. டப்பாவில் கிடந்த நூறு ரூபாய் நோட்டு நூறு ரூபாயாகவே இருந்தது, வாங்கக்கூடிய அரிசிதான் குறைந்துபோனது. கறையான் அரித்த நோட்டுக் கட்டுகளின் கதை தனி. அப்புறம் 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தபோது, பல வருடம் யாருக்கும் தெரியாமல் சேர்த்ததை எல்லார் முன்னாலும் எடுத்து வைக்க வேண்டி வந்தது. இல்லத்தரசிகள் இரண்டரை லட்சம் வரை செலுத்தினால் விசாரணை இருக்காது என்று அரசு சொன்னது. வரித்துறை கேட்காது, சரி. வீட்டில் இருப்பவர்கள் கேட்பார்களே.

ஒரு மாத, இரண்டு மாதச் செலவுக்கான தொகை வரைக்கும் சிறுவாடுதான் சிறந்தது. அதற்கு மேல் டப்பாவில் இருந்தது ஒவ்வொரு நாளும் தேய்ந்தது.

சீட்டு

சிறுவாடு கொஞ்சம் பெருகியதும் அடுத்த படி சீட்டு. கணக்கு எளிது. இருபது பேர், ஆளுக்கு மாதம் 50 ரூபாய், இருபது மாதம். மாதாமாதம் 1,000 ரூபாய் சேரும். அவசரமாகப் பணம் தேவைப்படுபவர் தள்ளி எடுப்பார், அதாவது ஏலத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து மீதியை வாங்கிக்கொள்வார். நான்காவது மாதம் ஒருவர் 250 தள்ளினால் அவர் கைக்கு 750 வரும். தள்ளிய 250இல் சீட்டு நடத்துபவருக்கு நூற்றுக்கு ஐந்து என்று 50 போக, மீதி 200 இருபது பேருக்கும் கசராக, அதாவது கட்டவேண்டியதில் கழிவாகப் பிரியும். அந்த மாதம் எல்லாரும் 50க்குப் பதில் 40 கட்டினால் போதும்.

கடைசி வரை எடுக்காமல் இருந்தவரைப் பாருங்கள். இருபது மாதத்தில் மொத்தக் கசர் 120 ரூபாய் என்று வைத்தால் அவர் கட்டியது 880. கைக்கு வருவது, கமிஷன் போக, 950. நல்ல லாபம். முதலில் எடுத்தவருக்கு இது கடன், கடைசியில் எடுப்பவருக்குச் சேமிப்பு. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூட விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கும் அளவுக்கு எளிமையான இந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். சொத்தும் சம்பளச் சீட்டும் இல்லாத ஒரு பெண்ணுக்கு அன்றைக்கு வேறு யார் 750 ரூபாய் கொடுத்திருப்பார்கள்? மகளின் கல்யாணம், பையனின் கல்லூரிக் கட்டணம், வீட்டுக் கூரை மாற்றுவது எல்லாம் சீட்டு எடுத்துத்தான் நடந்தன. கட்டாவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது என்ற மானத்துக்குக் கட்டுப்பட்டாவது மாதாமாதம் கட்டினார்கள். அஞ்சலகக் கணக்கில் அப்படி ஒரு கட்டாயம் கிடையாது.

ஆனால் முழுப் பாரமும் சீட்டுப் பிடிப்பவரின் நாணயத்தின் மேல் நிற்கிறது. லாபத்துக்காகக் கடைசி வரை காத்திருப்பவருக்குத்தான் ஆபத்தும் அதிகம், ஏனென்றால் அவர் பணம் முழுவதும் அடுத்தவர் கையில் இருக்கிறது. எங்கள் தெருவிலும் அது நடந்தது. சீட்டுப் பிடித்தவர் நல்லவர்தான். முதலில் எடுத்தவர்களில் சிலர் மேற்கொண்டு கட்டவில்லை. அவர் தன் கையிலிருந்து போட்டுச் சமாளித்துப் பார்த்தார், முடியவில்லை. மஞ்சள் கடிதாசி கொடுத்து, திவால் என்று அறிவித்துவிட்டு ஊரைவிட்டே போனார். இட்லி சுட்டு விற்றுச் சீட்டுக் கட்டிய ஒரு அக்காவுக்குக் கடைசிச் சீட்டு. அவருக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. சென்னை மாநிலத்தில் 1961லேயே சீட்டு நிதிச் சட்டம் வந்தது, 1982இல் மத்தியச் சட்டம் வந்தது. பதிவு பெற்ற சீட்டு நிறுவனம் என்றால் அரசிடம் ஜாமீன் தொகை கட்ட வேண்டும், சீட்டு எடுப்பவரிடம் ஈடு வாங்க வேண்டும். தெருவில் நோட்டுப் புத்தகம் வைத்து நடந்த சீட்டுக்கு இதெல்லாம் எட்டவில்லை. பதிவு பெற்ற இடத்துக்குப் போனால் சம்பளக்காரர் யாராவது ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும். அப்படிப் போட ஆள் இல்லாதவர்கள்தான் தெருச் சீட்டுக்கு வந்தார்கள்.

தீபாவளிச் சீட்டு, பாத்திரச் சீட்டு ஆகியவற்றை இதோடு சேர்க்க முடியாது. அங்கே ஏலம் இல்லை, கசரும் இல்லை. பொருளுக்கு முன்கூட்டியே தவணை கட்டுவது மட்டும்தான். வாரம் ஒரு ரூபாய் வீதம் கட்டி எவர்சில்வர் குடம் வாங்கிய சந்தோஷத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அது சேமிப்புக் கணக்கில் வராது.

நகை

நகைக்குப் பலம் அதன் விலையேற்றம் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஏறியது உண்மை. 1970இல் பத்து கிராம் 184 ரூபாய் அளவில் இருந்தது, 1980இல் 1,300ஐத் தாண்டியது. ஆனால் 1996இல் 5,000க்கு மேல் இருந்த அதே பத்து கிராம் 2000இல் 4,400 அளவுக்கு இறங்கியதும் உண்டு. விலை ஏறும் என்று கணக்குப் போட்டு அந்தப் பெண்கள் வாங்கவில்லை. வைத்தால் உடனே பணம் கிடைக்கும் என்பதற்காக வாங்கினார்கள். விதைக்கிற நேரத்தில் வளையல் அடகுக்கடைக்குப் போகும், அறுவடை முடிந்ததும் கைக்குத் திரும்பும். கூட்டுறவு வங்கிகள் நகைக்கடன் கொடுக்க ஆரம்பித்த பிறகு வட்டியும் குறைந்தது. சீட்டுக்கு வேண்டிய ஜாமீன் கையெழுத்து இதற்குத் தேவையில்லை.

இதில் மூன்று ஓட்டைகள் இருந்தன. முதலாவது செய்கூலி, சேதாரம். வாங்கும்போது அதற்கும் சேர்த்துக் கொடுக்கிறோம், விற்கும்போது அது திரும்பி வராது. கல் பதித்த அட்டிகை என்றால் விற்கும்போது கல்லின் எடையையும் கழிப்பார்கள். அதனால்தான் விவரம் தெரிந்த ஆச்சிமார்கள் "கெட்டியா, கல் இல்லாம, வளையலாவோ சங்கிலியாவோ வாங்கு" என்றார்கள். அந்த அறிவுரையில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்ற மாட்டேன். இரண்டாவது மாற்று, அதாவது தங்கத்தின் சுத்தம். ஹால்மார்க் முத்திரை வந்ததே 2000இல்தான். அதுவரை ஆசாரி சொல்வதே தரம், உருக்கிப் பார்க்கும் நாளில்தான் உண்மை தெரியும்.

மூன்றாவதுதான் பெரிது. நகை எல்லார் கண்ணிலும் படும். சட்டப்படி சீதனம் பெண்ணுக்கே உரியது. ஆனால் கழுத்தில் கிடப்பதைக் கழற்றிக் கொடு என்று கணவர் கேட்டால் மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேரால் முடிந்தது? வியாபாரத்துக்கு, கடன் அடைக்க, கொழுந்தனார் படிப்புக்கு என்று முதலில் போனது நகைதான். அடகுக்கடையில் மாதம் நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் ஆண்டுக்கு 24. இரண்டு மூன்று வருடம் வட்டிகூடக் கட்ட முடியாமல் விட்டால் நகை மூழ்கிப்போகும். பல வீடுகளில் அம்மாவின் நகை இப்படித்தான் போனது. விலையேற்றக் கணக்குப் போடுகிறவர்கள் இந்த மூழ்கிப்போன நகைகளைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

இடையில் 1963இல் தங்கக் கட்டுப்பாடு வந்தது. புதிதாகச் செய்யும் நகை 14 காரட்டுக்கு மேல் போகக் கூடாது என்றார்கள். பொற்கொல்லர் குடும்பங்கள் பிழைப்பின்றித் தவித்தன. 14 காரட் விதி சில ஆண்டுகளில் போய்விட்டாலும், தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1990 வரை இருந்தது. அப்போதும் மக்கள் நகை வாங்குவதை விடவில்லை.

அஞ்சலகம்

அஞ்சலகச் சேமிப்பு வங்கி 1882இல் தொடங்கியது. அரசு உத்தரவாதம் என்பதால் பணம் போய்விடுமோ என்ற பயமே இல்லை. இந்த நிம்மதியின் மதிப்பைத் தெரிந்துகொள்ள மற்ற இடங்களில் நடந்ததைப் பார்க்க வேண்டும். 1906இல் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற தனியார் வங்கி விழுந்தபோது எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு அதோடு போனது. அந்த அதிர்ச்சியில் பிறந்ததுதான் 1907இல் வந்த இந்தியன் வங்கி. 1960இல் கேரளத்தில் பாலாய் சென்ட்ரல் வங்கி மூடிய பிறகு, 1962இல் வங்கி வைப்புகளுக்குக் காப்பீடு வந்தது, அதுவும் ஆளுக்கு 1,500 ரூபாய் வரைதான். கிராமத்துப் பெண்ணுக்கு வங்கி என்பது 1969இல் பதினான்கு வங்கிகள் நாட்டுடைமை ஆன பிறகு மெல்ல எட்டிய ஒன்று. அஞ்சலகமோ பக்கத்திலேயே இருந்தது.

பிறகு ஏன் எல்லாரும் அங்கே போடவில்லை? கிளை அஞ்சலகத்தில் பெரிய தொகை எடுக்க வேண்டுமென்றால் காத்திருக்க வேண்டும், பணம் மேல் அலுவலகத்திலிருந்து வந்தாக வேண்டும். ராத்திரி, ஞாயிறு, பண்டிகை நாள் என்றால் கதவே திறக்காது. யார் எவ்வளவு போட்டார்கள் என்பது சின்ன ஊரில் வெளியே தெரியாமலும் இருக்காது. சேமிப்புக் கணக்கின் வட்டி 1974இல் ஐந்து விழுக்காடு அளவில் இருந்தது, அந்த ஆண்டின் விலையேற்றத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை.

இந்தக் குறைகளில் சிலவற்றைப் பின்னாளில் சரிசெய்தார்கள். 1972இல் பெண் முகவர்கள் வீட்டுக்கே வந்து, மாதாமாதம் கட்டும் தொடர் வைப்புக்குப் பணம் வாங்கும் திட்டம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சஞ்சயிகா வந்தது, பிள்ளைகள் காசு காசாகச் சேர்த்தார்கள். 1988இல் வந்த கிசான் விகாஸ் பத்திரம் ஐந்தரை ஆண்டில் பணத்தை இரட்டிப்பாக்கியது. தெருச் சீட்டில் கடைசி ஆளுக்குக் கிடைத்த லாபத்தை பயமே இல்லாமல் கொடுத்த காலம் அது. அப்போதும் சீட்டிலேயே இருந்தவர்களில், இடையில் கடன் தேவைப்படாதவர்களைப் பற்றி மட்டும் எனக்கு வருத்தம்.

எல்.ஐ.சி. பாலிசியைத் தனியாக அலச வேண்டியதில்லை. 1956இல் 245 நிறுவனங்களை ஒன்றாக்கி வந்த அது, மாதச் சம்பளக்காரர் வீட்டுக்குப் பொருந்தியது. வரவு ஏறி இறங்கும் வீடுகளில் இரண்டு தவணை விட்டுப்போய் பாலிசி காலாவதியானது. மொய்யும் அப்படித்தான். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைத்துப் பெரிய தொகை திரட்டுவது இன்றும் நடக்கிறது, ஆனால் ஊரோடும் உறவோடும் பின்னிய அந்த வரவு செலவை வேறு ஊரில் கொண்டுபோய் வைக்க முடியாது.

அந்தக் காலத்தில் எனக்கு யோசனை சொல்ல வாய்ப்புக் கிடைத்திருந்தால், அவசரத்துக்குக் கொஞ்சம் சிறுவாடு, கல்யாணம், படிப்பு என்று நாள் குறித்த செலவுக்கு அஞ்சலகத் தொடர் வைப்பு, நடுவில் கடன் வாங்க நேரும் என்று தெரிந்த வீட்டில் மட்டும் சின்னத் தொகைக்குச் சீட்டு, மிஞ்சினால் கெட்டி வளையல் என்று சொல்லியிருப்பேன். நகையை நான்காவதாக வைப்பதை ஏற்காதவர்கள் உண்டு. வளையல் தன் கையிலேயே நிலைத்த பெண்ணுக்கு அது முதலிடம்தான்.

இன்னொரு வேறுபாடு அந்தப் பெண் காலமான பிறகு தெரிந்தது. சிறுவாடு எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சீட்டு நோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் "அவங்க எடுத்துட்டாங்களே" என்று சொல்லிவிடலாம். நகையைப் பங்கு பிரிக்கும்போது மனக்கசப்பு வந்தது. அஞ்சலகப் புத்தகம் மட்டும் பேரோடும் எண்ணோடும் இருந்தது. உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் அப்படி ஒரு புத்தகமோ பத்திரமோ கிடந்தால் காலம் கடந்துவிட்டது என்று தூக்கிப் போட வேண்டாம். இறப்புச் சான்றிதழும் வாரிசுக்கான ஆவணமும் எடுத்துக்கொண்டு தலைமை அஞ்சலகத்தில் கேளுங்கள். கேட்பாரற்றுக் கிடக்கும் தொகை மூத்த குடிமக்கள் நல நிதிக்குப் போயிருந்தாலும், அங்கே போன நாளிலிருந்து 25 ஆண்டுகளுக்குள் உரியவர்கள் கோரிப் பெற வழி இருக்கிறது.