சக்கரப் பெட்டியும் ஹெட்செட் மைக்கும்: ரோபோ போட்டிக்கு அறிவிப்புச் செய்யப் போகிறவர்களுக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பெட்டி சுமார், கை மைக் பரவாயில்லை, ஹெட்செட் மைக் மட்டும் கொடுத்த காசுக்குப் பெறுமதி. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடைகளில் சக்கரம் பூட்டி, இழுத்துக்கொண்டு போகக் கைபிடி வைத்து, முன்னால் கலர் லைட் மின்னுகிற ஸ்பீக்கர் பெட்டிகள் நிற்குமே, அதில் ஒன்று. உள்ளே பற்றரி, கூடவே ஒரு கை மைக், ஒரு ஹெட்செட். பெட்டியில் என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் உள்ளுக்குள் ஒரே சாமான்தான் என்று கடைக்காரரே சொன்னார், அதனால் பெயரை விட்டுவிடுகிறேன்.

வாங்கினது கல்யாண வீட்டுக்கு இல்லை. பள்ளிக்கூடங்களில் நடக்கும் ரோபோ போட்டிகளில் தொண்டராக அறிவிப்புச் செய்கிறேன், அதற்குத்தான். அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது, வவுனியாவுக்கு 2021இல் தனிப் பல்கலைக்கழகமே வந்துவிட்டது, ஆகவே பிள்ளைகளுக்கு ரோபோ சொல்லிக்கொடுக்க ஆளைத் தேடிப் பிடித்துவிடலாம். மைக் பிடிக்கத்தான் ஆள் இல்லை. அகப்படுகிறவரும் இல்ல விளையாட்டுப் போட்டிக்கு வர்ணனை சொல்லிப் பழகினவராக இருப்பார், நூறு மீற்றர் ஓட்டத்துக்குக் கத்துவதுபோல இங்கேயும் தொடக்கத்திலிருந்து கத்தினால், பக்கத்தில் நிற்கும் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன சொல்கிறார்கள் என்றே கேட்காமல் போகும்.

எங்கள் பக்கத்துப் போட்டிகள் சின்னவை, விதிகளைப் பெரும்பாலும் ஃபெர்ஸ்ட் லெகோ லீக்கைப் பார்த்து எடுத்து, லெகோ வாங்க வசதியில்லாத அணிகள் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் செய்ததையும் சேர்த்துக்கொள்வோம். தெரியாதவர்களுக்கு: ஃபெர்ஸ்ட் என்பது டீன் கேமன் 1989இல் அமெரிக்காவில் தொடங்கிய அமைப்பு, லெகோ லீக் என்பது பிள்ளைகள் லெகோவில் செய்த ரோபோக்களுக்கு அது நடத்தும் போட்டி. லெகோ லீக்கில் ஒரு ஆட்டம் இரண்டரை நிமிடம். இரண்டு மேசைகள் ஒட்டியபடி இருக்கும், இரண்டு அணிகள் ஒரே நேரத்தில் ஓட்டும், ரோபோ தானாக ஓட வேண்டும், ரிமோட் கிடையாது. அங்கே பெரிய போட்டிகளில் ஆட்டத்தை வர்ணிக்க ஒருவர், அணிகளோடும் சனத்தோடும் கலகலப்பாகக் கதைக்க இன்னொருவர் என்று வேலையைப் பிரித்திருக்கிறார்கள், இரண்டு பேரும் தொண்டர்கள். இங்கே இரண்டும் ஒரே ஆள், சில நேரம் ஃபேன் போடுவதும் அதே ஆள்தான்.

இப்போது கணக்குப் பாருங்கள். இரண்டு மேசையையும் பார்க்க வேண்டும், மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும், நடுவர் கை தூக்குகிறாரா என்று பார்க்க வேண்டும், அணிகளின் விபரம் எழுதின அட்டையும் கையில். இதில் ஒரு கையை மைக்குக்குக் கொடுத்தால் அட்டை புரட்ட ஆளில்லை. ஹெட்செட்டின் அருமை இங்கேதான் தெரிந்தது. முல்லைத்தீவுப் பக்கமிருந்து வந்த ஒரு அணி, கறுப்புக் கோட்டை வாசிக்கும் சென்சரைச் சுற்றிச் சப்பாத்துப் பெட்டி மட்டையை வெட்டிப் பாவாடை மாதிரி ஒட்டியிருந்தது. ஏன் என்று ஆட்டத்துக்கு முதலே போய்க் கேட்டேன். "யன்னல் வெளிச்சம் பட்டா கோடு தெரியாது அண்ணா, காலமை ஒழுங்கா ஓடும், மத்தியானம் சுத்தும்" என்றாள் அந்தப் பிள்ளை. ஆட்டம் தொடங்கியதும் குனிந்து அந்த மட்டையைக் கையால் காட்டி இதை அப்படியே சொன்னேன், அதுவரை போனில் இருந்த அப்பாமார் எழும்பிக் கிட்ட வந்தார்கள். கை மைக்கோடு குனிந்து காட்டிப் பாருங்கள், ஒன்று மைக் வாயை விட்டுப் போகும், இல்லாவிட்டால் அட்டை நிலத்தில் விழும்.

அதற்காக எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே இருப்பதும் சரியில்லை. லெகோ லீக்கில் ஒவ்வொரு அணிக்கும் ஆறு வில்லைகள் கொடுப்பார்கள், ரோபோ மேசையில் தன் தொடக்க இடத்துக்கு வெளியே நிற்கும்போது பிள்ளை அதைக் கையால் தூக்கினால் ஒரு வில்லை போகும், மிஞ்சிய வில்லைகளுக்குக் கடைசியில் புள்ளி உண்டு. பிள்ளை தயங்கித் தயங்கிக் கையை நீட்டும் அந்தக் கணத்தில் "ஐயோ, போச்சு" என்று பெட்டியில் கேட்டால் அதுக்கு எப்படி இருக்கும்? நான் அந்த நேரம் மற்ற மேசைக்குப் போய்விடுவேன். இதற்கு மைக்கை நிறுத்தும் பொத்தான் கைக்கெட்ட வேண்டும், இந்த ஹெட்செட்டில் அது இடுப்பில் மாட்டும் சின்னப் பெட்டியில் இருக்கிறது, பார்க்காமலே தடவி அமத்தலாம். நல்ல விஷயம். புள்ளியையும் நடுவர் கையெழுத்து வைக்கும்வரை சொல்லாதீர்கள், யார் எவ்வளவு கேட்டாலும்.

சரி, குறைகள். எக்கோ. கடையில் போட்டுக் காட்டும்போதே குமிழைப் பாதிக்கு மேல் திருகி வைத்திருந்தார், குறைக்கச் சொன்னால், "தம்பி, எக்கோ இல்லாட்டி மைக் வெறுமையா இருக்கும்" என்கிறார். கோயில் திருவிழாவுக்கு அது சரி. தகரம் போட்ட பள்ளிக்கூட மண்டபத்தில் கூரையே போதுமான எக்கோவைத் தரும், பெட்டியும் சேர்ந்தால் அணியின் பெயர் எது, பள்ளிக்கூடத்தின் பெயர் எது என்று பிடிபடாது. குமிழைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்து மேலே டேப் ஒட்டிவிட்டேன், அல்லாவிட்டால் யாராவது திரும்பத் திருகுவார்கள். பாஸையும் குறையுங்கள், பேச்சுக்கு அது வேண்டாம். பெட்டிக்கு முன்னால் ஹெட்செட்டோடு போனால் கீ என்று கத்தும், ஆகவே பெட்டியைச் சனத்தைப் பார்த்து வைத்துவிட்டு அதற்குப் பின்பக்கமாகவே நடமாடுங்கள்.

வாங்கமுன் கட்டாயம் கேட்க வேண்டியது மைக் எந்த அலைவரிசை என்று. யூ.எச்.எஃப், அதாவது 2.4 கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே உள்ள அலைவரிசை என்றால் எடுங்கள். 2.4 கிகாஹேர்ட்ஸ் என்றால், அது எவ்வளவு மலிவாக இருந்தாலும், ரோபோ போட்டிக்கு வேண்டாம். லெகோ ஆட்டத்தில் ரோபோ தானாக ஓடுவதால் பிரச்சினை குறைவு, ஆனால் எங்கள் பிள்ளைகள் செய்யும் ஆர்டுயினோ வண்டிகளில் பாதி போனிலிருந்து புளூடூத்தில் ஓடுகிறவை, மிச்சம் வைஃபை. எல்லாம் அதே 2.4தான். புளூடூத் சனலை மாற்றி மாற்றித் தாவுவதால் பெரும்பாலும் தப்பிவிடும், வைஃபை ஒரே சனலில் நிற்பதால் இழுபடும். வண்டி நடுவில் நின்றால் பிள்ளை தன்னுடைய கோடிங்கைத்தான் சந்தேகப்படும், அறிவிப்பாளரின் இடுப்பை யாரும் பார்க்க மாட்டார்கள். இது யூ.எச்.எஃப் செற்.

பற்றரி கரண்ட் போனாலும் காப்பாற்றுகிறது, கலர் லைட்டை நிறுத்திவிட்டால் இன்னும் கொஞ்சம் கூடவே நிற்கும். ஆனால் பின்னேரம் ஆக ஆகச் சத்தம் இறங்கும், அரையிறுதிக்கும் இறுதிக்கும்தான் சத்தம் வேண்டும். சார்ஜ் ஏற்றும் ஓட்டை கொஞ்ச நாளிலேயே ஆட்டம் கண்டது, கடையில் முகம் சுளிக்காமல் திருத்தித் தந்தார்கள், உதிரிச் சாமான் வர நாளெடுத்ததுதான் கவலை. சின்னச் சக்கரம் சிமெந்துக்கு மட்டும். பள்ளிக்கூட முற்றத்து மணலில் தூக்கத்தான் வேண்டும், பாரம் கொஞ்சநஞ்சமில்லை.

ஹெட்செட்டின் வளைவு பெரியவர்கள் தலைக்கு அளவெடுத்தது. ஏ.எல் படிக்கும் பிள்ளைகளைப் பழக்குவதற்காகச் சில ஆட்டங்களை அவர்களிடம் கொடுப்பேன், அவர்களுக்குச் சரிந்து சரிந்து விழுகிறது, பின்னால் ஒரு ரப்பர் பாண்ட் போட்டால் நிற்கும். மைக் நுனி வாய்க்கு நேரே இல்லாமல் கடைவாய்ப் பக்கம் இரண்டு விரல் தள்ளி இருக்கட்டும், அப்போதுதான் ப சொல்லும்போது பொப் என்று அடிக்காது. ஆவணி வெயிலில் பஞ்சு வியர்வையில் நனைந்துவிடும், இரண்டு மூன்று மேலதிகமாக வாங்கி வையுங்கள்.

வாடகைக்குப் பெட்டி எடுக்க வசதி இருக்கிற இடமென்றால் நல்ல யூ.எச்.எஃப் ஹெட்செட்டைத் தனியாக வாங்கிக்கொண்டு அதன் ரிசீவரை வாடகைப் பெட்டியில் குத்துங்கள், இரண்டையும் சேர்த்து வாங்கத் தேவையில்லை. கை மைக்கையும் ஒன்று வைத்திருங்கள், பரிசளிப்புக்கு வேண்டும். பிரதம விருந்தினரும் அதிபரும் ஹெட்செட்டைத் தலையில் மாட்டிக்கொள்ளப் போவதில்லை.